தாயம் விழ எட்டில் ஒன்று: நிகழ்தகவை எண்ணிப் பழகுவோம்

"மழை வரும், இல்லன்னா வராது. ரெண்டுல ஒண்ணுதானே, அப்ப பாதிக்குப் பாதி." இந்தக் கணக்கை டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் கேட்கலாம், கல்லூரியில் புள்ளியியல் முதல் பருவம் எழுதுகிறவர்களின் விடைத்தாளிலும் கொஞ்சம் மாறுவேடத்தில் பார்க்கலாம். இதே கணக்குப்படி பார்த்தால் நாளைக்கு ஒகேனக்கல் அருவி கீழேயிருந்து மேலே பாய்வதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பாயும், இல்லன்னா பாயாது, ரெண்டுல ஒண்ணுதானே.

நிகழ்தகவு வராது என்று சொல்லும் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சூத்திரம் மனப்பாடம், வகுத்தலும் தெரியும், ஆனால் எதை எண்ண வேண்டும் என்பது தெரியவில்லை. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க எண்ணுவதைப் பற்றித்தான். வகுத்தல் கடைசியில் தானாக வந்து சேரும்.

ஏழா, பதினாறா?

தாயக்கட்டையை எடுத்துக்கொள்வோம், நம்ம பக்கம் பரணில் தேடினால் ஒரு ஜோடியாவது கிடைக்கும். பித்தளையில் நீளமான இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்றில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. இரண்டையும் சேர்த்து உருட்டிக் கூட்டினால் தாயம் என்கிற ஒன்று, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, அப்புறம் இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னெண்டு. மொத்தம் ஏழு விதமான விளைவு. அப்போது தாயம் விழும் வாய்ப்பு ஏழில் ஒன்றா?

இல்லை. ஒரு கட்டையின் முனையில் கொஞ்சம் நகப்பூச்சு தொட்டு வைத்துவிட்டு உருட்டிப் பாருங்கள், ஏன் இல்லை என்பது கண்ணுக்கே தெரியும். பூச்சு வைத்த கட்டையில் நான்கு பக்கத்தில் ஏதாவது ஒன்று விழும். அது எதுவாக இருந்தாலும் மற்ற கட்டையில் நான்கில் ஒன்று விழும். ஆக நான்கு நான்கு பதினாறு ஜோடி. கட்டை சீராக வார்த்ததாக இருந்தால் இந்தப் பதினாறில் ஒன்று இன்னொன்றைவிட அடிக்கடி விழக் காரணமே இல்லை.

இப்போது இந்தப் பதினாறை ஏழு விளைவுக்கும் பிரித்துக் கொடுப்போம். தாயத்துக்கு இரண்டு ஜோடி: பூச்சுக் கட்டையில் 1, மற்றதில் வெறுமை; அல்லது பூச்சுக் கட்டையில் வெறுமை, மற்றதில் 1. ரெண்டு விழ மூன்று வழி (0-2, 2-0, 1-1). மூணு விழ நான்கு வழி. நாலுக்கு மூன்று, அஞ்சுக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்றே ஒன்று (3-3), பன்னெண்டுக்கும் ஒன்றே ஒன்று. கூட்டிப் பாருங்கள், 2+3+4+3+2+1+1, பதினாறு சரியாக வந்துவிடும். ஆக, தாயத்தின் வாய்ப்பு 16இல் 2, அதாவது எட்டில் ஒன்று. மூணு விழுவது அதைப்போல இரண்டு மடங்கு, ஆறு விழுவது அதில் பாதி. ஏழும் சமம் என்று நினைத்தால் இந்த வித்தியாசம் மொத்தமும் காணாமல் போய்விடும்.

பெயர்களை இப்போதே சொல்லிவிடலாம். என்ன விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத, ஆனால் என்னென்ன விழலாம் என்று பட்டியல் போட முடிகிற செயலுக்குச் சமவாய்ப்புச் சோதனை என்று பெயர். அந்த முழுப் பட்டியல், இங்கே பதினாறு ஜோடி, கூறுவெளி. அதிலிருந்து நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்தால், இங்கே தாயம் தரும் இரண்டு ஜோடி, அது நிகழ்ச்சி. நிகழ்ச்சியில் உள்ள எண்ணிக்கையைக் கூறுவெளியின் எண்ணிக்கையால் வகுத்தால் நிகழ்தகவு. நடக்கவே நடக்காது என்றால் 0, கட்டாயம் நடக்கும் என்றால் 1, மற்றதெல்லாம் நடுவில்.

இந்த வகுத்தல் செல்லுபடியாக ஒரே ஒரு நிபந்தனை: பட்டியலில் உள்ள எல்லாமே சம வாய்ப்புள்ளவையாக இருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இது பாதி வாக்கியத்தில் வந்து போய்விடும், நாமும் தாண்டிப் போய்விடுவோம், தப்பு அங்கேதான் நுழைகிறது. பெரிய ஆட்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர் 1754இல் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில், நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதினார். முதலிலேயே தலை, முதலில் பூ அப்புறம் தலை, இரண்டும் பூ, மூன்றே வழி என்பது அவர் கணக்கு. முதலிலேயே தலை விழுந்துவிட்டால் இரண்டாவது முறை சுண்டத் தேவையில்லையே என்று அதை ஒரே வழியாகப் போட்டுவிட்டார். உண்மையில் அதற்குள் இரண்டு வழி ஒளிந்திருக்கிறது, மொத்தம் நான்கு, சரியான விடை நான்கில் மூன்று.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சம வாய்ப்புள்ளவற்றைப் பட்டியல் போடு, வேண்டியதை எண்ணு, மொத்தத்தால் வகு. மழைக் கணக்கு ஏன் தப்பு என்று இனி நீங்களே சொல்லலாம். வரும், வராது என்று பட்டியலில் இரண்டு இருப்பது உண்மை; இரண்டும் சமம் என்று யாரும் காட்டவில்லை.

புளியங்கொட்டை வந்தால் என்ன செய்வது?

பித்தளைக் கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி ஆடுவோம் இல்லையா, புளிக்கா பஞ்சம் நம் ஊரில். அந்தக் கொட்டை வெள்ளையாக விழுமா கறுப்பாக விழுமா? இரண்டே விளைவுதான், ஆனால் தேய்த்த பக்கம் தட்டை, மற்ற பக்கம் குவிவு, இரண்டும் சமம் என்று எந்த தைரியத்தில் சொல்வது? இங்கே உட்கார்ந்து எண்ணிப் பயனில்லை, போட்டுத்தான் பார்க்க வேண்டும். 200 முறை போட்டதில் 118 முறை வெள்ளை விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். 118ஐ 200ஆல் வகுத்தால் 0.59, அதுதான் அந்தக் கொட்டைக்கான மதிப்பீடு. இப்படி நடத்திப் பார்த்துச் சொல்வது பட்டறி நிகழ்தகவு. பத்து முறை போட்டுவிட்டு முடிவு கட்டக் கூடாது. போடப் போடத்தான் அந்த எண் ஆட்டம் குறைந்து ஓரிடத்தில் நிற்கும்.

பெருக்குவது எப்போது, கூட்டுவது எப்போது

பதினாறைப் பட்டியல் போட்டுவிட்டோம். பதினாறாயிரம் என்றால்? அதற்குத்தான் எண்ணுதலின் இரண்டு விதிகள். ஒரு வேலையை முதலில் இது, அப்புறம் அது என்று படிப்படியாகச் செய்தால் ஒவ்வொரு படியிலும் உள்ள வழிகளைப் பெருக்க வேண்டும். இது பெருக்கல் விதி. இது அல்லது அது என்று ஏதாவது ஒன்றைத்தான் செய்வோம் என்றால் கூட்ட வேண்டும். இது கூட்டல் விதி.

வண்டி நம்பரைப் பாருங்கள். தருமபுரிக்கு டிஎன் 29, கிருஷ்ணகிரிக்கு டிஎன் 24, ஓசூருக்கு டிஎன் 70. அதற்குப் பின்னால் இரண்டு ஆங்கில எழுத்து, அப்புறம் 0001 முதல் 9999 வரை ஒரு எண். ஒன்று, பூஜ்யம் என்ற இலக்கங்களோடு குழம்பும் ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுவதால் எழுத்துகள் 24. முதல் எழுத்துக்கு 24 வழி, அப்புறம் இரண்டாவதுக்கு 24 வழி, அப்புறம் எண்ணுக்கு 9,999 வழி. பெருக்கினால் 57,59,424. அரசு வண்டிக்கு, அரசு பஸ்ஸுக்கு என்று ஒதுக்கியதைக் கழித்தால் கொஞ்சம் குறையும், ஆனாலும் ஒரு ஆர்டிஓ அலுவலகத்துக்கு இது லேசில் தீராத கையிருப்பு.

கூட்டலில் ஒரு பொறி இருக்கிறது. தாயம் அல்லது அஞ்சு விழும் வாய்ப்பு என்ன? 2 வழி, 2 வழி, கூட்டினால் 4, ஆக 16இல் 4. ஒரே உருட்டலில் இரண்டும் சேர்ந்து விழ முடியாது, அதனால் நேராகக் கூட்டலாம். இப்படிப்பட்டவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். சரி, ஏதாவது ஒரு கட்டையாவது வெறுமையாக விழும் வாய்ப்பு? பூச்சுக் கட்டை வெறுமையாக விழ 4 ஜோடி, மற்றது வெறுமையாக விழ 4 ஜோடி, ஆக 8 என்று எழுதினால் போச்சு. இரண்டும் வெறுமையான பன்னெண்டு இரண்டு பக்கமும் எண்ணப்பட்டிருக்கிறது. ஒரு முறை கழித்தால் 7, விடை 16இல் 7. கூட்டுவதற்கு முன்னால் இரண்டிலும் இருப்பது ஏதாவது உண்டா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் தேர்வில் போகும் பாதி மதிப்பெண் தப்பிக்கும்.

மாம்பழப் பெட்டியும் பரிசு மேடையும்

அடுத்த குழப்பம் வரிசை. தோத்தாபுரி, செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி, மல்கோவா, நீலம் என்று ஆறு ரகம் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியில் இந்த ஆறில் மூன்றுக்கு முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு கொடுக்கச் சொன்னால் எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? முதல் பரிசுக்கு 6 வழி, அது போனபின் இரண்டாவதுக்கு 5, அப்புறம் 4. பெருக்கினால் 120. இங்கே செந்தூரா முதல், மல்கோவா இரண்டாவது என்பதும் மல்கோவா முதல், செந்தூரா இரண்டாவது என்பதும் வேறு வேறு, சந்தேகம் இருந்தால் மல்கோவா போட்டவரிடம் கேட்டுப் பாருங்கள். வரிசை மாறினால் வேறாகிற இந்தத் தேர்வுக்கு வரிசைமாற்றம் என்று பெயர்.

அதே ஆறு ரகத்தில் மூன்றை எடுத்து பெங்களூரில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறீர்கள். பெட்டிக்குள் எதை முதலில் வைத்தீர்கள் என்று சித்தப்பா கேட்கப் போவதில்லை. ஒரே மூன்று ரகத்தை 3×2×1, அதாவது 6 வரிசையில் வைக்கலாம். அந்த ஆறும் சேர்ந்து ஒரே பெட்டிதான். ஆகவே 120ஐ 6ஆல் வகுக்க வேண்டும், 20 விதமான பெட்டி. வரிசையைக் கண்டுகொள்ளாத இந்தத் தேர்வு சேர்வு, சில புத்தகங்களில் சேர்மானம் என்றிருக்கும். 3×2×1 என்று இறங்குமுகமாகப் பெருக்குவது காரணீயப் பெருக்கம், 3! என்று எழுதுவார்கள்.

இந்தக் காரணீயப் பெருக்கம் பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் வளர்கிற வேகம் பயங்கரம். தருமபுரி மாவட்டத்தின் 5 சட்டமன்றத் தொகுதிகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வர 120 வரிசை. கிருஷ்ணகிரியின் 6 தொகுதிக்கு 720. இரண்டு மாவட்டத்தின் 11 தொகுதிகளையும் ஒரே சுற்றில் பார்ப்பது என்று யாராவது கிளம்பினால் 3,99,16,800 வரிசை.

கேள்வியைப் படித்ததும் வரிசைமாற்றமா சேர்வா என்று தடுமாறினால் இரண்டு பேரை மனதுக்குள் இடம் மாற்றிப் பாருங்கள். தலைவர், செயலாளர் என்றால் மாற்றினால் சண்டை வரும், வரிசைமாற்றம். இரண்டு பேர் கொண்ட குழு என்றால் மாற்றினாலும் யாருக்கும் தெரியாது, சேர்வு.

"குறைந்தது ஒன்று" என்று வந்தால் திருப்பிப் போடுங்கள்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வண்டி நகராமல் நிற்கும்போது செய்து பார்க்க ஒரு வேலை. முன்னால் இருக்கும் வண்டிகளின் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 4529 மாதிரி நான்கும் வேறு வேறா, 4549 மாதிரி ஏதாவது ஒன்று திரும்ப வருகிறதா? எத்தனை வண்டிக்கு ஒன்றில் திரும்ப வரும் என்று கேட்டால் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். கிட்டத்தட்ட பாதி என்பது உண்மை.

நேராக எண்ணப் போனால் மண்டை காயும். ஒரு இலக்கம் இரண்டு முறை வரலாம், மூன்று முறை வரலாம், இரண்டு இலக்கம் தலா இரண்டு முறை வரலாம், அது வேறு எந்தெந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒரே வரி. எதுவுமே திரும்ப வராத எண்கள் எத்தனை? முதல் இடத்துக்கு 10 இலக்கம், அடுத்ததுக்கு 9, அப்புறம் 8, அப்புறம் 7. பெருக்கினால் 5,040. மொத்தம் 9,999. மீதி 4,959 எண்களில் ஏதாவது ஒன்று திரும்ப வருகிறது, சதவீதத்தில் 49.6. நமக்கு வேண்டிய நிகழ்ச்சி நடக்காமல் போவதுதான் அதன் நிரப்பு நிகழ்ச்சி, அதன் நிகழ்தகவை 1இலிருந்து கழித்தால் வேண்டியது கையில் வந்துவிடும்.

(எண்கணிதம் பார்த்து, கூட்டு எண் 8 வந்தால் வண்டியே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு தகவல். 1 முதல் 9999 வரை எல்லா எண்ணையும் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால் 1 முதல் 9 வரை ஒவ்வொன்றுக்கும் சரியாக 1,111 எண்கள் கிடைக்கும். எட்டுக்கு மட்டும் தனிக் கவனிப்பு ஒன்றும் இல்லை.)

பிறந்தநாள் கணக்கும் இதே சங்கதிதான். ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தால் அதில் குறைந்தது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு 50.7 சதவீதம், 40 பேர் என்றால் 89 சதவீதம். நம்ப முடியாமல் இருப்பதற்குக் காரணம், என் பிறந்தநாளோடு யாருக்காவது ஒத்துப்போகுமா என்று நாம் நினைத்துக்கொள்வதுதான். கேள்வி அதுவல்ல, யாராவது இரண்டு பேர். 40 பேரில் 780 ஜோடி இருக்கிறது. நம் ஊரில் இன்னும் கூடுதலாகவே ஒத்துப்போகும், ஏனென்றால் பள்ளியில் சேர்க்கும்போது வயதைச் சரிக்கட்ட வாத்தியார் போட்டுவிட்ட மே, ஜூன் பிறந்தநாள்கள் நம் அப்பா காலத்துச் சான்றிதழ்களில் நிறைய உண்டு. 365 நாளும் சமம் என்கிற நிபந்தனை அங்கே உடைகிறது, உடைந்தால் ஒரே நாளில் விழும் வாய்ப்பு ஏறத்தான் செய்யும்.

கட்டைக்கு ஞாபகம் கிடையாது, கூடைக்கு உண்டு

"அக்கா, எனக்கு இன்னும் தாயமே விழலையே."

"எட்டு தடவை போட்டாச்சில்லடா, இப்ப விழுந்துதான் ஆகணும்."

ஆக வேண்டியதில்லை. எட்டில் ஒன்று என்றால் எட்டு எறிதலுக்குள் ஒன்று நிச்சயம் என்று அர்த்தமில்லை. ஒரு எறிதலில் தாயம் விழாமல் போகும் வாய்ப்பு எட்டில் ஏழு. எட்டு முறையும் விழாமல் போக எட்டில் ஏழை எட்டு முறை பெருக்க வேண்டும், 0.34 வரும். அதாவது மூன்று பேர் ஆடினால் அதில் ஒருவர் எட்டு எறிதல் முடிந்தும் காயை இறக்காமல் முழித்துக்கொண்டிருப்பது சாதாரணம். பதினாறு எறிதலுக்குப் பிறகும் விழாமல் இருக்க நூற்றுக்குப் பன்னிரண்டு வாய்ப்பு இருக்கிறது. ஒன்பதாவது எறிதலுக்கோ எப்போதும்போல எட்டில் ஒன்றுதான், முன்னால் என்ன விழுந்தது என்று பித்தளைக்குத் தெரியாது. இப்படி ஒன்று நடந்தது இன்னொன்றின் வாய்ப்பை மாற்றாவிட்டால் அவை சாரா நிகழ்ச்சிகள். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் சுழல் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. இனிமேல் சிவப்பு விழுந்தே ஆக வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கூட்டிக் கட்டியவர்கள் காலியானார்கள். மூன்று பெண் பிள்ளைகள் பிறந்த வீட்டில் அடுத்தது பையன்தான் என்று சொல்லும் பெரியவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

கூடை அப்படியில்லை. பன்னிரண்டு நீலம் மாம்பழம், அதில் மூன்றில் கொட்டைக்குள் வண்டு. வெளியே பார்த்தால் ஒரு ஓட்டையும் தெரியாது, வெட்டினால்தான் தெரியும். கண்ணை மூடி இரண்டு பழம் எடுத்தால் ஒன்றிலாவது வண்டு இருக்கும் வாய்ப்பு என்ன? பன்னிரண்டில் மூன்று என்றால் 25 சதவீதம், இரண்டு பழத்துக்கு 50 என்று கூட்டுபவர்கள் ஐந்து பழத்துக்கு 125 சதவீதம் என்று சொல்ல வேண்டி வரும்.

திருப்பிப் போடுவோம். இரண்டும் நல்ல பழமாக இருக்க, முதல் பழத்துக்கு 12இல் 9. அதை எடுத்தபின் கூடையில் இருப்பது 11, நல்லது 8. ஆக இரண்டாவதுக்கு 11இல் 8; முதலில் ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்தபின் மாறிப்போன இந்த வாய்ப்புக்குச் சார்புநிலை நிகழ்தகவு என்று பெயர். இரண்டையும் பெருக்கினால் 132இல் 72, சுருக்கினால் 11இல் 6. மீதி 11இல் 5, அதாவது 45.5 சதவீதம், வண்டோடு சந்திப்பு.

இதையே சேர்வாக எண்ணியும் பார்த்துவிடுங்கள். பன்னிரண்டில் இரண்டை எடுக்க 66 வழி, ஒன்பது நல்லதில் இரண்டை எடுக்க 36 வழி. 66இல் 36, அதே 11இல் 6. வரிசையோடு எண்ணினாலும் வரிசையில்லாமல் எண்ணினாலும் விடை ஒன்றாகத்தான் வரும், மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி எண்ணியிருந்தால். விடை 27 சதவீதம் என்று வந்து நின்றால் மேலே 36ஐயும் கீழே 132ஐயும் போட்டிருப்பீர்கள்; மேலே வரிசையை விட்டுவிட்டு கீழே மட்டும் பிடித்துக்கொண்டது, போய் ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் போதும்.